ஈரத்தோடு வரிசையில் நின்றேன்

சகோதரர்களே, நான் அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆண்கள் நாம் இந்த விஷயத்தைப் பேசுவதே இல்லை. பேசாமல் இருந்து நான் பட்டது போதும்.

போர்ட் பிளேர் பஜாரில் எனக்குக் கயிறு, தார்ப்பாய், வாளி விற்கும் கடை. வீடு கராச்சர்மாவில். போன ஹஜ்ஜுப் பெருநாள் சமயம், புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். அந்தமானிலிருந்து மெயின்லேண்ட் போனோம். சென்னையில் ரோபோ வைத்து ஆபரேஷன் செய்து அந்தச் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். நோய் போனது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆபரேஷனில் போட்ட டியூபை உருவிய நாளிலிருந்து சிறுநீர் என் சொல்லைக் கேட்கவில்லை. எழுந்தால் சொட்டும். இருமினால் சொட்டும். டவுன் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் டயப்பர் நனைந்துவிடும். சில மாதம் ஆகும், பொறுங்கள் என்றார் டாக்டர்.

ஒரு நாள் கடையில், டயப்பர் ஊறிப்போனது தெரியாமல் கயிற்றுக் கட்டைத் தூக்கினேன். எதிரே நின்ற பெங்காலி அம்மா, "சாச்சா, நீச்சே பானி கிர் கயா" என்றார். கீழே தண்ணீர் சிந்திவிட்டது என்கிறார், பாவம். அது தண்ணீர் இல்லை. அப்போதே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். உயிர் பிழைத்ததே பெரிசு என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எனக்கு வலித்தது கடை இல்லை, தொழுகை. சிறுநீர் வந்தால், முகம் கை கால் கழுவிச் செய்த ஒளு முறியும், அசுத்தமான உடையில் தொழுகை கூடாது என்று சின்ன வயதிலிருந்து ஓதி வளர்ந்தவன் நான். முதலில் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு வீட்டிலும் முஸல்லாப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். பாங்குச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

தொழத்தான் முடியவில்லை, நோன்பாவது வைப்போம் என்று தொடங்கினேன். நோன்பு வைத்தால் பகலில் தண்ணீர் குடிக்க வேண்டாம், சொட்டுவதும் குறையும். முதலில் திங்களும் வியாழனும். பிறகு தினமும். மாஷா அல்லாஹ், ஆபரேஷனுக்குப் பிறகு பாய்க்கு என்ன தக்வா, என்ன இறையச்சம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கவே எனக்குக் கூசியது. சொட்டுவதோ குறையவில்லை, கூடியது.

என் மனைவி ஜொஹராவுக்கு அதிகம் பேச்சு கிடையாது. ஒரு நாள் நோன்பு திறக்கும்போது தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்: "இந்த நோன்பு அல்லாஹ்வுக்கா, உங்க லுங்கிக்கா?"

மறுநாள் அவளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே பிசியோதெரபி பார்ப்பது ஒரு தெலுங்குப் பெண், என் மகள் வயது. அந்தப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? ஜொஹராவே உடைந்த இந்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை அரிக்கும், அதனால்தான் அதிகம் ஒழுகுகிறது என்று அந்தப் பெண் திட்டினாள். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல அடித்தசையை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்திவிடும் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தாள்.

அங்கிருந்து நேராகப் பள்ளி இமாம் ஹஜ்ரத்திடம் போனேன். கோபத்தோடுதான் போனேன். அல்லாஹ் உயிரைத் தந்துவிட்டுத் தொழுகையைப் பிடுங்கிக்கொண்டானா என்று கேட்டேன்.

"அவன் எங்கே பிடுங்கினான்? நீங்கதான் வீட்டுல போய் உக்காந்துட்டீங்க" என்றார் ஹஜ்ரத். "தொழுகை வக்து வந்ததும் சுத்தம் பண்ணி, புது டயப்பர் கட்டிக்கிட்டு, ஒளு செஞ்சு உடனே வந்து தொழுங்க. நடுவுல சொட்டினாலும் தொழுகை கூடும். நோயாளிக்கு இதுதான் சட்டம்."

இத்தனை வருஷம் தொழுதவனுக்கு இது தெரியவில்லை. கேட்டால்தானே தெரியும்?

அன்று மதியம் லுஹர் தொழுகைக்கே போய் நின்றேன். என் கூடப்பிறந்த மூத்த காக்கா பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர். பக்கத்தில் வந்து, குணமான பிறகு வரலாமே தம்பி என்று காதோடு சொன்னார். நான் காதோடு சொல்லவில்லை.

"காக்கா, டயப்பர் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். ஹஜ்ரத் கூடும்னுட்டாங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்தா நீங்க பின் வரிசைக்குப் போங்க."

பள்ளியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். காக்கா பின் வரிசைக்குப் போகவில்லை. என் தோளை ஒட்டி நின்று, அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டினார். நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவில் சொட்டியது. யா அல்லாஹ், நான் வருவதை நிறுத்தமாட்டேன், நீ இதை நிறுத்து என்று கேட்டேன். தினமும் அதே துஆதான். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்தப் பயிற்சியையும் விடாமல் செய்தேன். தண்ணீரும் வேண்டிய மட்டும் குடித்தேன்.

முதலில் தூக்கத்தில் நின்றது. பிறகு உட்கார்ந்திருக்கும்போது. நடந்தால் மட்டும் பல வாரம் படுத்தியது. ரமலானுக்குக் கொஞ்சம் முன்பு, பகலெல்லாம் கடையில் கட்டுகளைத் தூக்கி இறக்கிவிட்டு, சாயங்காலம் அஸர் தொழுகைக்கு டயப்பர் மாற்றப் போனேன். கட்டியிருந்தது காய்ந்தே இருந்தது. நம்பாமல் மறுபடி தொட்டுப் பார்த்தேன். அங்கேயே நின்று விம்மி விம்மி அழுதேன். அந்த ரமலானில் ஒரு நோன்பும் தவறவில்லை, ஒரு ராத்திரித் தராவீஹ் தொழுகையும் தவறவில்லை. கேட்டதைக் கொடுத்தான் என் ரப்பு.

இன்றைக்கும் பலமாகத் தும்மினால் ஒரு சொட்டு வரும். வரட்டும். கழுவிவிட்டுப் போகிறேன்.

இந்த ஆபரேஷன் செய்துகொண்டு, நாறுமோ, யாராவது பார்ப்பார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற சகோதரர்களே, டாக்டரைப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், துஆவை விடாதீர்கள். காய்ந்த பிறகு வருகிறேன் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நாளை லுஹருக்கு வாருங்கள், என் பக்கத்தில் நில்லுங்கள். யாராவது முகம் சுளித்தால் அவருக்குப் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன்.