படகே பதில் சொல்லும் பெயர்

"சலாம்" என்று நூரியா ஒரு சத்தம் போட்டால் போதும், படகில் இருக்கிற இருபது பேரும் "வ அலைக்கும் சலாம்" என்பார்கள். பின்பக்கத்து ஆண்கள், முன்பக்கத்துப் பெண்கள், காலால் சுக்கானைத் தள்ளிக்கொண்டே சிகரெட் பற்றவைக்கும் படகோட்டி ஷாஸ்லி வரை ஒருவர்கூடப் பாக்கி இருக்க மாட்டார். பதில் சொல்லாத ஒரே ஆள், கூப்பிடப்பட்டவள்தான். ஏழு வயதுச் சலாம் படகின் முனையில் உட்கார்ந்து, காதே கேட்காதவள் மாதிரி நைலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எகிப்தில், அஸ்வானின் மேற்குக் கரைக்கு நூரியா குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. பார்சிலோனாக்காரி. அக்கரையில் புதைபொருள் தோண்டுகிறவர்களிடம் வேலை. பானைச் சில்லுகளை அளந்து படம் வரைய வேண்டும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து உரிந்து வரும். படகுக்கும் படித்துறைக் கல்லுக்கும் நடுவே இருக்கும் ஒரு முழ இடைவெளியைத் தாண்ட இன்றைக்கும் பயம். கண்ணை மூடிக்கொண்டு, தன் பாஷையில் எதையோ முணுமுணுத்துத்தான் தாண்டுவாள். சலாம் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரே தாவாகத் தாவிப் போய்விடுவாள்.

முதல் வருஷம் ஊர் ரொம்பத்தான் குழம்பிப்போனது. ஊர்க்காரர்கள் எல்லாருமே கறுப்பு நிறம். வெள்ளைக்காரி ஒருத்தி கறுப்புக் குழந்தையோடு வந்து இறங்கினால் மேற்குக் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நம் பையன் எவனோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். "நீ எந்த வீட்டு மருமக?" என்று கேட்காத ஆள் கிடையாது. படித்துறையில் வேர்க்கடலை விற்கும் நபவிய்யா குழந்தையின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மிர்கனி வீட்டு மூக்கு. சந்தேகமே வேண்டாம்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். மிர்கனி வீட்டுப் பையன்கள் மூன்று பேரும் ஒரு வாரம் வீட்டுக்குப் பதில் சொல்ல முடியாமல் திண்டாடினார்கள்.

அப்புறம் வெயிலில் சிவந்து தக்காளி நிறத்தில் ஜோர்தி வந்து சேர்ந்தார். "இவர்தான் சலாமோட அப்பா" என்றாள் நூரியா. நபவிய்யா அவரைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், ஒரு பொட்டலம் கடலையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பாவம், நல்ல மனுஷன்" என்றாள்.

எட்டு மாதக் குழந்தையாக எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுத்த கதையைச் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. "எத்தியோப்பியாவா? நம்ம ஆத்துத் தண்ணியே அங்கேருந்துதானே வருது. தண்ணி வந்த வழியிலே பிள்ளையும் வந்திருக்கு, இதுல என்ன அதிசயம்" என்று நபவிய்யா அதையும் முடித்துவைத்தாள். "ஆனா ஒண்ணு, மூக்கு மிர்கனி வீட்டு மூக்குதான்."

ஆக, ஊரால் தொல்லை இல்லை. வெளியாட்கள்தான். கெய்ரோவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், "உங்க வேலைக்காரியோட பிள்ளையா?" என்று சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். ஐரோப்பியப் பயணிகள் சலாமோடு போட்டோ எடுக்க ஆசைப்பட்டு, நூரியாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள். ஒருமுறை பார்சிலோனாக்காரி ஒருத்தியே சலாமின் கையில் மிட்டாயைத் திணித்து, "ஐயோ பாவம், குட்டி" என்று உருகினாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி மிட்டாய் தின்னா அம்மா திட்டுவாங்க" என்று சலாம் அதே பாஷையில் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நூரியா இப்போதும் நடித்துக் காட்டுவாள். அப்படியே அச்சு அசலாக இருக்கும்.

நடித்துக் காட்ட முடியாதது, நல்ல மனதோடு சொல்கிறவர்கள் சொல்வது. "அநாதைப் பிள்ளையை வளர்க்கிறே, உனக்குச் சொர்க்கம் நிச்சயம்" என்று கண்கலங்கச் சொல்வார்கள், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அம்மாவை விட மகளுக்கு அரபி நன்றாகப் புரியும். "அப்போ நான் உனக்குச் சொர்க்கத்துக்கு டிக்கெட்டா?" என்று சலாம் ஒருநாள் கேட்டாள்.

போன மாதம்தான் அது நடந்தது. படகில் வெளியூர்ப் பெண் ஒருத்தி நூரியாவைக் காட்டி, "இவங்க உனக்கு யாரு?" என்று கேட்டாள். சலாம் ஒரு விநாடி யோசித்தாள்.

"என் டீச்சர்" என்றாள்.

பின்னாலிருந்த நூரியாவின் காதில் அது தெளிவாக விழுந்தது. அன்று வேலையில் ஒரே சில்லை இரண்டு தடவை வரைந்துவைத்தாள். மறுநாளிலிருந்து சலாம் பத்தடி முன்னால் நடக்கத் தொடங்கினாள். "எனக்கு வேற பேரு வச்சிடு. நீ கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்றும் கேட்டாள். பெற்றவள் கொடுத்தனுப்பியது அந்தப் பெயர் ஒன்றைத்தான். அதை எப்படி மாற்றுவது? படகில் இனிமேல் கூப்பிடுவதில்லை என்று மட்டும் நூரியா முடிவு செய்தாள்.

"ஏழு வயசுப் பிள்ளை. அந்த வயசுல எங்கப்பா தொப்பியைப் பாத்தா எனக்கும்தான் வெக்கமா இருக்கும்" என்றார் ஜோர்தி.

"தொப்பின்னா கழட்டி வச்சிடலாம், ஜோர்தி. முகத்தை எங்கே கழட்டி வைக்கிறது?"

இனி யார் கேட்டாலும் பிள்ளை தன்னை அம்மா என்று சொல்லாமலே போய்விடுவாளோ என்ற பயம் நூரியாவைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் மூன்று வாரம் படகில் அவள் வாயையே திறக்கவில்லை. படகில் பேச்சுக் குறைந்ததைக் கவனித்த ஷாஸ்லி, "என்ன உம்மு சலாம், எங்க மேல கோவமா? சலாமே சொல்ல மாட்டேங்கறீங்க" என்று கிண்டல் செய்தும் பார்த்தார். உம்மு சலாம் என்றால் சலாமின் அம்மா; ஊரில் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான்.

நேற்று சாயங்காலம் படகு மேற்குக் கரையை நெருங்கும்போது சலாம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. படித்துறைக் கல் நேராக அந்தக் காலை நோக்கி வந்தது. நூரியாவுக்கு முடிவும் மறந்தது, மூன்று வாரமும் மறந்தது.

"சலாம்!"

அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கால் உள்ளே வந்துவிட்டது. படகு முழுக்க, பழக்கதோஷத்தில், "வ அலைக்கும் சலாம்" என்றது.

ஸோஹாகிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த பெண் ஒருத்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "யம்மா, என்ன தொண்டை. ஏன் இந்த வெள்ளைக்காரம்மா இவ்வளவு கோவமா சலாம் சொல்றாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஷாஸ்லி சிகரெட்டை ஆற்றில் போட்டார். நூரியா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குச் சொல்லலை. என்னைக் கூப்பிட்டாங்க. அது என் பேரு" என்றாள் சலாம்.

"உன்னையா? இவங்க எதுக்கு உன்னை இந்தக் கத்துக் கத்தணும்?"

சலாம் நாக்கால் ஒரு 'ச்' கொட்டினாள். நபவிய்யா கொட்டுவது போலவே இருந்தது.

"இந்தக் கத்துக் கத்தறது வேற யாரா இருக்கும்? அம்மாதான்."

படகு கல்லில் தட்டி நின்றது. சலாம் ஒரே தாவாகத் தாவி, எப்போதும் போல விறுவிறுவென்று நடந்தாள். நான்கடி போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். படகைப் பார்க்காமல், நபவிய்யாவின் கடலைக்கூடைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் படகை நோக்கி நீட்டினாள். சீக்கிரம் வா என்பது போல அந்த ஐந்து விரலும் மூடித் திறந்தன.