அண்ணியின் கணினிக்குத் தெரியாத கார்டு

பிறந்த வீட்டிலேயே வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பெர்லினிலிருந்து ஒரு மாத விடுப்பில் உத்திரமேரூர் வந்த எனக்கு முதல் விநோதம் இதுதான். எழுதிக் கொடுத்தவர் அண்ணி தனம். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்து, வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் முதுகலை படிக்கிறார். மறுநாள் காலை பத்தரைக்கு இணையவழியில் வாய்மொழித் தேர்வு. அவருடைய பழைய கணினி ஆமையாக நகர்வதைப் பார்த்து எனக்குக் கை அரித்தது. "சிஸ்டத்த மாத்தி லினக்ஸ் போட்டுத் தரேன் அண்ணி, பறக்கும்" என்றேன்.

பறந்தது. ஆனால் வைஃபை கார்டை மட்டும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. கார்டை இயக்கும் டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் வரவோ டிரைவர் வேண்டும்.

"நல்லாதானே ஓடிக்கினு இருந்துச்சு. இப்ப இன்னா ஆச்சு சுமதி?"

"டிரைவர் இல்ல அண்ணி."

"டிரைவரா? மானாம்பதியில ஒர்த்தர் கீறாரு, கூப்புடட்டா?" என்றார் வாசலிலிருந்த அண்ணன்.

பெர்லின் போன புதிதில் என் மடிக்கணினியிலும் இதே தொல்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம், என் 'கார்ட்டெ' வேலை செய்யவில்லை என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அட்டைக்கும் வரைபடத்துக்கும் அங்கே ஒரே சொல். அவர் நகர வரைபடத்தை விரித்து, ரயில் நிலையத்துக்கு அன்பாக வழி காட்டினார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதை நினைத்தும் இப்போது சிரிப்பு வரவில்லை. மாகறல் பக்கத்துப் பெண் கூலிகளைப் பற்றிய அண்ணியின் இரண்டு வருட ஆய்வு பென்டிரைவில் இருந்தது. தேர்வாளருக்குக் காட்டத்தான் வழியில்லை.

காலை ஒன்பது மணி. புதுப் புடவையில் வந்து நின்ற அண்ணி, என் தட்டச்சைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஏம்மா, என் போன்ல நெட்டு கீதே. சார்ஜர் ஒயர்ல சொருவுனா வாங்கிக்காதா? ஆபீஸ்ல கரண்ட்டு போனா அப்படித்தான் பண்ணுவோம்."

சொருகினோம். வாங்கிக்கொண்டது. டிரைவர் இறங்கி, கார்டு விழித்துக்கொண்டது.

"நேத்தே என்னைக் கேட்டிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பதினொரு மணிக்கு அண்ணியின் குரல் கேட்டது. "சுமதி! தேறிட்டேன்னு சொல்ட்டாங்க! அது சரி, இதுல மணி இன்னா ஏழரன்னு காட்டுது?"

லினக்ஸ் போடும்போது மணிக் கணக்குக்காக ஊர் கேட்ட இடத்தில், பழக்கத்தில் பெர்லினைக் கொடுத்திருக்கிறேன். மாற்றப் போனேன். பட்டியலில் உத்திரமேரூர் இல்லை, சென்னைகூட இல்லை. இந்தியாவுக்கென்று கொல்கத்தா ஒன்றுதான் இருந்தது. ஒருநாளும் கால் வைக்காத அந்த ஊரைத் தேர்ந்தெடுத்துத்தான் பெர்லினிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.