பக்கத்து வகுப்புக்குச் சொல்லாத டொபி

போதைப்பொருள் தடுப்புப் பாடத்துக்காகச் சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிரிஸ்டல் போர்டில் கெட்டுப்போன நுரையீரல் ஒன்றை வரைந்தேன். இன்று என் நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள்.

அரைச்சுவருக்கு அந்தப் பக்கத்து வகுப்பில் ரிஸ்வானா டீச்சர். வந்தது வெறுங்கையோடு. கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, போதை இனிப்பு விற்கிறவர் மாதிரி நாடகம் தொடங்கினார்.

“இந்தாங்க மகன், டொபி. உம்மாக்கிட்ட சொல்ல வேணாம்.”

“வேணாம்!” என்று கத்திக்கொண்டு அந்த வகுப்பே பாடசாலை அதிபரிடம் சொல்ல ஓடியது.

“ஆ, யாருக்கும் சொல்லாதேன்னு எது தந்தாலும் இப்படித்தான் ஓடணும்!” என்றார் டீச்சர்.

என் பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று பார்த்தார்கள். அதிபர் வந்து கைதட்டினார். என் நுரையீரலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வயிறு எரிந்தது. இடைவேளையில் முன்கடைக்குப் போய் ஒரு பக்கட் டொபி வாங்கி வந்தேன்.

“எல்லாரும் எடுத்துக்கோங்க. பக்கத்து வகுப்புக்கு மட்டும் சொல்லாதீங்க.”

“வேணாம்!”

அத்தனை பேரும் ஓடினார்கள். ரிஸ்வானா டீச்சரிடம் சொல்வதற்கு.

டொபி அப்படியே இருக்கிறது, நுரையீரலும் இருக்கிறது. பிலிமத்தலாவைப் பக்கம் யாருக்காவது வேண்டுமா? வீட்டில் சொல்லிவிட்டே வாங்க.