என் கையால் போட்ட பத்து ஆப்சென்ட்

தேவனுடைய வீட்டாருக்கு என் ஸ்தோத்திரம். இந்தச் சாட்சியை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். படித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன் என்பதால், இந்த முறை கிழிக்காமல் அனுப்புகிறேன்.

எங்களுக்குப் பாலவனத்தம். பி.காம். முடித்திருக்கிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸில் வேலை. யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று ரிஜிஸ்டரில் பதிவது என் பொறுப்பு. என் மகள் ஜெருஷாவுக்கு ஏழு மாதம் ஆனபோது மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அத்தைக்கு மூட்டுவலி. பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு அவர்களால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. காலையில் மில் வேனில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவேன். மதியத்துக்குள் சேலை நனைந்துவிடும். பாத்ரூமில் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன்.

மில்லில் பிள்ளைகளுக்கென்று ஒரு அறை உண்டு. கதவில் யானை, கிளி எல்லாம் வரைந்திருக்கும். உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. போன வருஷம் லெந்து உபவாச நாட்களில், ஒரு சனிக்கிழமை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேனேஜரிடம் கேட்டேன். "சார், அந்த ரூம ஒழிச்சுக் குடுத்தா எங்கள மாதிரி நாலஞ்சு பேருக்கு உதவியா இருக்கும்." அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பாக்கலாம்மா" என்றார். நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஜெருஷாவுக்குக் காய்ச்சல். பிள்ளை என் மேல் அனலாகக் கிடக்க, எனக்கு அந்த "பாக்கலாம்மா" ஆத்திரமாகத் திரும்பி வந்தது. பேஸ்புக்கில் எனக்கு 'கிருபையின் மகள்' என்ற பெயரில் ஒரு கணக்கு உண்டு. ஒரு லீலிப் பூ படம் போட்டு, தினமும் ஒரு வசனம் பதிவேன். அன்றைக்கு ஒரு ஜெபக்குறிப்பு பதிந்தேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஜெபக்குறிப்பில் பெயர் சொல்ல மாட்டோம். 'ஒரு சகோதரி', 'ஒரு குடும்பம்' என்போம். யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நானும் 'ஒரு மில்', 'ஒரு மேனேஜர்' என்றே எழுதினேன். பிள்ளைகள் அறையில் பெட்டி அடுக்கியிருப்பதை எழுதினேன். அதுவரை உண்மை. எழுதியதைப் படித்துப் பார்த்தபோது சப்பென்று இருந்தது. அதனால் ஒரு வரி சேர்த்தேன். 'கேட்டதற்கு, பிள்ளை முக்கியம் என்றால் வீட்டிலேயே கிட, வேலைக்கு எதற்கு வருகிறாய் என்று மேனேஜர் சொன்னார். அவருடைய கல்மனது உடைய ஜெபியுங்கள்.'

அவர் அப்படிச் சொல்லவில்லை. மனதுக்குள் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலைக்குள் ஆமென், ஆமென் என்று வந்து குவிந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அதையும் சேர்த்து, கர்த்தர் என் பக்கம் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மாரி என்று என்னோடு வேனில் வருகிற ஒருத்தி. பக்கத்து ஊர்க்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருக்கிறாள். மில் வேலை இருப்பதால்தான் அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு மரியாதை. அவள் நம் சபையைச் சேர்ந்தவள் இல்லை. என் வசனப் படங்களை அனுப்பினால் பூப் படம் நல்லாயிருக்கு என்பாள். அவளும் என் பதிவின் கீழே எழுதியிருந்தாள். 'ஆமென். எங்க மில்லுலயும் அந்த ரூமுல பெட்டிதான் இருக்கு.' அவளுடைய சொந்தப் பெயரில். படத்தில் அவள் போட்டிருந்தது மில் கோட்டு, கோட்டுப் பையின் மேல் மில் பெயரோடு.

செவ்வாய்க்கிழமை அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். என் மேசையிலிருந்து பார்த்தால் மேனேஜர் அறைக் கண்ணாடி தெரியும். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரிஜிஸ்டரைக் குனிந்து பார்த்தபடி, "ஆண்டவரே, என் பேர் வரக் கூடாது" என்று ஜெபித்தேன். வரவில்லை. யார் இந்தக் கிருபையின் மகள் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றே சொல்லியிருக்கிறாள். "தெரிஞ்சதும் வா, அதுவரைக்கும் வராத" என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை.

அந்தத் தந்திரம் டைம் ஆபீஸ்காரியான எனக்குத் தெரியும். தொடர்ந்து பத்து வேலைநாள் ஆப்சென்ட் என்றால் பெயரை அடித்துவிடலாம். அவள் தானாக நின்றுவிட்டாள் என்று ஆகிவிடும். அந்த ஆப்சென்டைப் போட வேண்டியவள் நான்.

பதிவை உடனே அழித்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதான் அழிச்சுட்டேல்ல, விடு. நீ போய்ச் சொன்னா ரெண்டு பேரு வேலையும் போகும்" என்றார். அதுவும் சரிதானே என்று எனக்கும் பட்டது. புதன்கிழமை அன்று முதலாவது ஆப்சென்டைப் போட்டேன். பேனாவை இரண்டு முறை கீழே வைத்து எடுத்தேன். வியாழக்கிழமை ஒரே தடவையில் போட்டுவிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் மாரிக்குப் போன் செய்தேன்.

"யக்கா, நீங்க ஏன் கூப்புடுறீக? தெரிஞ்சா உங்களையும் சேத்து அனுப்பிருவாக."

"மாரி, நான் போய்ச் சொல்லிரட்டுமா?"

"கைப்பிள்ளக்காரி நீங்க. இருங்க. ஆளு இல்லாம எத்தன நாளைக்கு மிஷின ஓட்டுவாக, அவுகளே கூப்புடுவாக" என்றாள். பிறகு, "ஆமா, அந்தாளு எப்பக்கா அப்புடிச் சொன்னாரு? எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே" என்று கேட்டாள்.

பிள்ளை அழுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நான் இருந்தது மில் கேண்டீனுக்குப் பின்னால். பிள்ளை இருந்தது பாலவனத்தத்தில்.

அந்த நாட்களில் நான் ஜெபிக்காமல் இல்லை. உபவாசம்கூட இருந்தேன். எல்லா ஜெபமும் ஒன்றுதான்: என்னை மறைத்துக்கொள்ளும். அது கேட்கப்பட்டது போலவே இருந்தது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மேனேஜர் ஒருநாள், "பாப்பா நல்லாயிருக்காம்மா?" என்றுகூடக் கேட்டார்.

ஒன்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் சபையில் பெண்கள் கூடுகை. நான் எழுதியதும், அதனால் மில்லில் ஒருத்தியை நிறுத்தியதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். "நம்ம பிள்ளை தைரியமா எழுதிட்டா" என்று ஒரு அக்கா பெருமையாகச் சொன்னார்கள். அந்தக் கல்மனதுக்காரருக்காகச் சத்தமாக ஜெபித்தார்கள். போதகரம்மா மட்டும், "வேலையை விட்டு நிறுத்துன பிள்ளைக்காக யாரும் ஜெபிக்கலையே. நீ ஜெபிம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள்.

முழங்காலில் நின்றேன். 'அன்பின் பரலோகப் பிதாவே' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வாய் ஒட்டிக்கொண்டது. அழுகை மட்டும் வந்தது. ஆண்டவர் தொட்டுவிட்டார் என்று சுற்றியிருந்தவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள், ஸ்தோத்திரம் சொன்னார்கள். அப்படி ஒரு வெட்கம் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. மாரி என்னை நம்பிப் போட்டதும் ஆமென், இவர்கள் சொன்னதும் ஆமென். இரண்டும் என் பொய்யின் மேல் வந்து விழுந்தது.

மறுநாள் சனிக்கிழமை, பத்தாவது நாள். வேனில் கண்ணை மூடிக்கொண்டு முதல் முறையாக வேறு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, எனக்குத் தைரியம் கிடையாது. நானாகப் போய் நிற்க மாட்டேன். மேனேஜரே என்னைக் கூப்பிட்டால் சொல்லிவிடுகிறேன்." சொல்லிவிட்டு, கூப்பிடக் கூடாதே என்றும் நினைத்தேன். ரிஜிஸ்டரை வழக்கமாக அட்டெண்டர் அண்ணன்தான் உள்ளே எடுத்துப்போவார். ஆகவே கூப்பிட மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஆண்டவரிடமே கணக்குப் பார்த்துத்தான் ஜெபித்திருக்கிறேன்.

வேனை விட்டு இறங்கினால், அட்டெண்டர் அண்ணனுக்கு மாமியார் வீட்டில் விசேஷம், லீவு. பதினோரு மணிக்கு இன்டர்காம் அடித்தது. "ரிஜிஸ்டரக் கொண்டு வாம்மா. பத்து நாள் ஆனவுக பேரு பாக்கணும்."

மாரிக்கு அன்றைய ஆப்சென்டையும் போட்டுவிட்டுத்தான் எடுத்துப்போனேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் பேனாவை எடுத்தார். "இந்தப் பிள்ளை வரவே இல்லையா?"

"நீங்க வர வேணாம்னு சொன்னீங்க சார். அதான் வரல."

நிமிர்ந்து பார்த்தார். "நான் எழுத்துல எதுவும் குடுக்கலையே."

"அந்தக் கிருபையின் மகள் நான்தான் சார். மாரி ஒண்ணும் பண்ணல."

பேனாவை மூடிவைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். "நான் அப்படிச் சொன்னேனாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். பாக்கலாம்மான்னு மட்டும்தான் சொன்னீங்க."

"காலேஜுல படிக்கிற எம்பொண்ணு அதப் படிச்சுட்டு, 'அப்பா, நீங்களா இப்படிப் பேசுனீங்க'ன்னு கேட்டா. இல்லன்னு சொன்னேன். அவ நம்புன மாதிரி தெரியல."

அந்த மனிதருக்கு ஒரு மகள் இருப்பாள், அவள் கேட்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். ஒரு தாளை நகர்த்தி, எழுதியது அத்தனையும் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுத உட்கார்ந்துவிட்டேன். பேனா ஓடவில்லை.

"சார், நீங்க சொன்னதா எழுதுன வரி பொய். அத எழுதித் தாரேன். ரூமுல பெட்டி இருக்கிறது உண்மை சார்."

அது என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. எதிர்க்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. முந்தின நாள் ஒட்டிக்கொண்ட வாயை அன்றைக்குத் திறந்தவர் கர்த்தர். அந்த ஒரு வரி பொய் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் அதை வாங்கி வைத்துவிட்டு, மாரி பெயரை அடிக்காமல் ரிஜிஸ்டரை மூடினார். "திங்கட்கிழமை வரச் சொல்லு. நீ இனி டைம் ஆபீஸ்ல வேணாம்" என்றார்.

என் வேலை போகவில்லை. நாற்காலி போனது. இப்போது நூல் கோன்களைப் பெட்டியில் அடுக்குகிற பேக்கிங்கில் நின்று வேலை செய்கிறேன். அன்று சாயங்காலமே அதே கணக்கில் என் சொந்தப் பெயரைப் போட்டு, எது பொய், எது உண்மை என்று எழுதினேன். அதற்கு மூன்றே மூன்று ஆமென் வந்தது.

திங்கட்கிழமை வேனில் மாரி என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னாள். "அது பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. அந்தாளுக்கு அவ்வளவு நீளமாப் பேச வராது." சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் அப்படித்தான் போனது. அவள் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்றும் ஜெபித்தேன், அவளை வற்புறுத்தாமல்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்த அறையிலிருந்த பெட்டிகள் குடோனுக்குப் போய்விட்டன. இரண்டு தொட்டில் கட்டியிருக்கிறார்கள். அது என்னால் நடந்தது என்று சாட்சி சொல்ல எனக்கு வாயில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வரப்போவதாகவும் பேச்சு இருந்தது. கர்த்தருக்கே தெரியும். ஜெருஷா இப்போது அங்கேதான் தூங்குகிறாள். பழைய ரிஜிஸ்டரில் மாரி பெயருக்கு நேராக என் கையெழுத்தில் பத்து ஆப்சென்ட் இன்னும் இருக்கிறது. அதை நான் மறக்காமல் இருப்பதும் நல்லதுதான்.

இதைப் படிக்கிற சகோதரியே, உனக்கு அநியாயம் நடந்தால் பேசாதே என்று நான் சொல்லவில்லை. ஜெபம் என்ற பெயரில் பேசாதே. நடக்காததைச் சேர்க்காதே. சேர்த்துவிட்டு ஒளிந்திருந்தால், என்னை மறைத்துக்கொள்ளும் என்று கேட்பதை விட்டுவிட்டு, உண்மையைச் சொல்ல வாயைத் திறந்துவிடும் என்று கேட்டுப் பார். ஒரு சனிக்கிழமை காலை, வேனில், அரைமனதாகக் கேட்ட எனக்கே அவர் செய்தார்.

போன வாரம் மாரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் டவுனைத் தாண்டும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"யக்கா, மகனுக்குப் பரிச்சை. உங்க சாமிகிட்டச் சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்து, "எழுதிராதீக. வாயால மட்டும் சொல்லுங்க."

வாயால் மட்டும் சொன்னேன்.