துரை நிறுத்திய சாவுத் தப்பு

சாவுக்குத் தப்புப் பறை அடிக்கக் கூடாது என்ற துரையின் உத்தரவைத் தமிழில் எழுதியவன் நான்தான். இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் கிளாக்கர். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில், மேல் லயத்தில் வாந்திபேதி கண்டு இரண்டே நாளில் மூன்று பேர் போய்விட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் ஆட்கள் வேறு தோட்டத்துக்கு ஓடிவிடுவார்கள் என்பது துரையின் பயம். மேல் லயத்தில் இருப்பது சாதாரணக் காய்ச்சல்தான் என்றும் எழுதச் சொன்னார். எழுதினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணீரென்று வாசிக்கவும் செய்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

எங்கள் தோட்டத்தில் தப்புச் சத்தத்தை வைத்தே சேதி தெரிந்துவிடும். வேலைக்குக் கூப்பிட ஓர் அடி, சாவுக்கு வேறு அடி. சாவு அடி கேட்கவில்லையென்றால் யாரும் சாகவில்லை என்றே அர்த்தம். அதை நம்பித்தான் கீழ் லயத்துச் சனம், மேல் லயத்தைத் தாண்டி ஓடைவழி வந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரை நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை தப்புக்காரர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"கிளாக்கர் ஐயா, செத்தவங்கள நான்தான் பொதைச்சேன். காய்ச்சல்னு எப்படிங்க வாசிச்சீங்க?"

"தொரை உத்தரவு. வாய மூடிக்கிட்டுப் போ" என்றேன். அந்தக் காலத்தில் அவரிடம் அப்படித்தான் பேசுவோம். 'அவர்' என்று எழுதும் புத்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

மறுநாள் காலை வேலைக்கு அடிக்க வேண்டியவர் சாவு அடி அடித்தார். மூன்று சாவுக்கு மூன்று தடவை. "வாந்திபேதி வந்திருக்கு! பீலித் தண்ணியக் காய்ச்சாமக் குடிக்காதீங்க!" என்று கத்தினார். தோட்டத்தை விட்டு ஒருவரும் ஓடவில்லை. விறகு தேடித்தான் ஓடினார்கள். துரையோ அன்றைக்கே அவர் பேரை வெட்டி விரட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஊசி போட டாக்டர் வந்தார். எல்லோரும் வந்து போட்டுக்கொள்ளும்படி நான் லயம் லயமாகப் போய் வாசித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஈ காக்கைகூட வரவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்: "காய்ச்சல்னு சொன்ன அதே வாய்தானே இது? தப்புக்காரரு வந்து சொல்லட்டும், கைய நீட்டுறோம்." அதற்குள் கீழ் லயத்திலும் ஒருவருக்கு வாந்தி தொடங்கியிருந்தது.

வேறு வழியில்லாமல் துரை ஆள் அனுப்பினார். கடைத்தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தப்புக்காரர் வந்தார். அவரைக் கண்டதும் களத்தில் சனம் கூடிவிட்டது. துரைக்கு அவர் சலாம் வைக்கவில்லை.

"கிளாக்கர் ஐயா வாசிச்சது பொய்யின்னு மொதல்ல அவரே சொல்லட்டுங்க. அப்புறம் அடிக்கிறேன்."

ஏதோ தவறு நேர்ந்துவிட்டதாகச் சொல்லி முடித்துவிடு என்று துரை என் காதோரம் சொன்னார். அவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். புரியட்டும் என்றுதான் நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"காய்ச்சல்னு சொன்னது பொய். தெரிஞ்சேதான் சொன்னோம். தொரை எழுதச் சொன்னாரு, நான் எழுதுனேன்."

அந்த மாதத்தோடு என் வேலை போயிற்று. போகட்டும். தப்பு முழங்கியதும், என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்தான் முதல் ஆளாகக் கையை நீட்டினாள்.