டோரீனின் காரைப் பிரித்தபோது

எங்கள் தெருவில் நெவில் கிரீன்வுட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. யாருடைய வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோனாலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். தனக்கென்று எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஐம்பது தாண்டியதும் திடீரென்று ஓர் ஆசை வந்தது அவனுக்கு. கூரையில்லாத இரட்டை இருக்கைக் கார் ஒன்றைத் தன் கையாலேயே கட்டி ஓட்ட வேண்டும். இதற்கென்றே இருக்கும் கம்பெனிக்காரன் இரும்புச் சட்டத்தையும் ஃபைபர் உடம்பையும் பெட்டிகளில் அனுப்பிவிடுவான். எஞ்சின், கியர் பெட்டி, அச்சு, ஸ்டியரிங் எல்லாம் ஏதாவது ஒரு பழைய காரிலிருந்து நாமே கழற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய கார் தெருக்கோடி வீட்டிலேயே இருந்தது. டோரீன் ஹோய்லின் நீல நிற சியரா கார். நாலு வருடமாகத் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அதன் கதை ஊருக்கே தெரியும். சேப்பல் இறக்கத்தில் அந்தக் கார் வெறிபிடித்ததுபோல் பாய்ந்து, சேப்பல் என்று எல்லோரும் சொல்லும் சின்னத் தேவாலயத்தின் சுவரில் மோதியது. ஓட்டியவர் டோரீன். பக்கத்தில் இருந்த அவர் கணவர் ஸ்டான்லிக்கு முழங்கால் நொறுங்கியது. அதோடு மில் வேலையும் போனது. "கால எடுத்துட்டேன், பிரேக்கையும் மிதிச்சேன், அது பாட்டுக்குப் போச்சு" என்று டோரீன் சொன்னதை யாரும் நம்பவில்லை. போலீஸ்காரர் பெடலை அழுத்திப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார் என்று முடிவானது. கோர்ட்டில் அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு ஒருநாளும் வண்டி ஓட்டவில்லை. மழையோ பனியோ, கடைக்கு நடந்தே போய் இரண்டு கையிலும் பையோடு மேட்டில் ஏறி வருவார்.

காரைக் கேட்கப் போன நெவிலோடு நானும் போனேன்.

"காசெல்லாம் வேணாம்ப்பா, எடுத்துட்டுப் போயிடு. தெனம் சமையல்கட்டு ஜன்னலத் தொறந்தா இதோட மூஞ்சியிலதான் முழிக்க வேண்டியிருக்கு" என்றார் டோரீன்.

உள்ளேயிருந்து ஸ்டான்லியின் குரல் வந்தது. "பாத்துடா நெவில்! அதுல மூணு பெடல் இருக்கு. எது எதுக்குன்னு எங்க வீட்டம்மாகிட்ட மட்டும் கேட்டுடாத!"

டோரீன் சிரித்தார். நாலு வருடமாக அதே கேலிக்கு அதே சிரிப்பு. பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

காரைத் தள்ளிக்கொண்டு வந்து நெவிலின் கொட்டகையில் ஏற்றினோம். அடுத்து வந்த வார இறுதிகளெல்லாம் துருப்பிடித்த போல்ட்டுகளோடு போயின. இருக்கைகள், கதவுகள், ஒயர் கட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எஞ்சினைத் தூக்க மட்டும் பாரி லம்ப் தன் கப்பித் தூக்கியோடு வருவதாகச் சொல்லியிருந்தான். ஊரின் கீழ்ப்பக்கம் கராஜ் வைத்திருப்பவன்; நெவிலும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். இந்தக் காரைக் கட்டும் யோசனையே ஒரு வெள்ளிக்கிழமை பப்பில் இருவரும் சேர்ந்து போட்டதுதான்.

அவன் வருவதற்கு முன்னால் எஞ்சினோடு இணைந்திருப்பவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தோம். ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து வரும் கேபிளை நெவில் உருவினான். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தான். வரவில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டினான், வழுக்கிக்கொண்டு வந்தது.

"இந்த விளக்கக் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்றான்.

கேபிள் ஒரே துண்டாக இல்லை. அறுந்த நுனியில் வேறொரு துண்டை வைத்து, மின்சார ஒயருக்குப் போடும் பித்தளை இணைப்பால் முறுக்கியிருந்தார்கள். அதற்கு இடம் விட உறையை வெட்டியிருந்தார்கள். பெடலை முழுக்க மிதித்தால் அந்தப் பித்தளையின் விளிம்பு உறையின் வாயில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. அப்புறம் காலை எடுத்தாலும் கேபிள் திரும்பாது. எஞ்சின் முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும். சுவரில் மோதிய அதிர்ச்சியில் அது தானாக விடுபட்டிருக்க வேண்டும்.

நெவில் அதைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தான். சில தடவை சிக்கியது, சில தடவை சிக்கவில்லை.

"அந்தப் பொம்பள பொய் சொல்லலடா" என்றான்.

உறையின் வெட்டுவாயில் சுற்றியிருந்த நீல டேப்பைத் தடவிக்கொண்டிருந்தான். டேப்பின் கடைசி முனை உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது, அடுத்தவன் பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. ஊரில் அப்படி மடிப்பவன் ஒருவன்தான்.

அந்த வாரம் நெவில் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி கிளெனிஸ் என்னிடம் சொன்னாள். "நானே சொல்லிட்டேன், அதத் தூக்கிக் குப்பையில போடுன்னு. நாலு வருஷம் ஆயிப்போச்சு. இப்ப போய்க் கிளறி யாருக்கு என்ன ஆகப்போவுது? கேக்க மாட்டேங்கிறான்."

பாரி கப்பியோடு வந்தபோது நெவில் டீகூடக் கொடுக்கவில்லை. கேபிளை எடுத்துப் பெஞ்சில் போட்டான்.

"இது உன் வேலையாடா?"

பாரி குனிந்து பார்த்தான். மறுக்கவில்லை.

"சனிக்கிழமைடா அன்னிக்கு. பார்ட்ஸ் கடை மூடிட்டான். வண்டி இப்பவே வேணும்னு ஸ்டான்லி வந்து நின்னாரு. ரெண்டு நாளைக்குத் தாங்கும், மெதுவா ஓட்டுங்க, திங்கக்கிழமை கொண்டாங்க, புதுசு போட்டுத் தரேன்னு சொல்லித்தான் அனுப்பினேன். வரல."

"விபத்து நடந்தப்புறம் நீ ஏன் வாயத் தொறக்கல?"

"மொதல்ல எனக்குத் தோணவே இல்ல. கால மாத்தி வெச்சுட்டாங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் தோணிச்சு." பாரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "தோணினப்ப கோர்ட்டு முடிஞ்சுபோச்சு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குடா நெவில். கராஜ இழுத்து மூடிடுவாங்க."

"ஸ்டான்லிகிட்ட சொன்னியே, அவரு டோரீன்கிட்ட சொன்னாரா?"

"அத நீ அவரத்தான் கேக்கணும்."

பாரி எஞ்சினைத் தூக்காமலே கப்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மதியம் நெவில் கேபிளைச் செய்தித்தாளில் சுற்றி ஹோய்ல் வீட்டுக்கு எடுத்துப் போனான். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூப்பிட்டான். அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது; மேசையருகே ஸ்டான்லி இருந்தார். டோரீன் எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். நெவில் மேசைமேல் கேபிளை வைத்து, எப்படிச் சிக்குகிறது என்று இழுத்துக் காட்டினான். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

டோரீன் அதைத் தானே வாங்கி இழுத்துப் பார்த்தார். சிக்கியது.

"அப்ப என் கால் இல்ல" என்றார்.

"இல்லீங்க. உங்க கால் இல்ல."

"நானே நம்பிட்டேனேப்பா. ராத்திரி கண்ண மூடினா என் கால் தப்பான பெடலுக்குப் போறதே தெரியும். நடக்காதது எப்படித் தெரிஞ்சுது எனக்கு?"

அவர் மெதுவாக ஸ்டான்லியின் பக்கம் திரும்பினார். "ஸ்டான், வண்டிய பாரிகிட்டேந்து எடுத்துட்டு வந்தது நீதானே? அவன் ஒண்ணும் சொல்லலையா?"

ஸ்டான்லி தன் முழங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "திங்கக்கிழமை கொண்டான்னான். மறந்துட்டேன்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரியில" என்று டோரீன் திருப்பிச் சொன்னார்.

"அதுக்குள்ள எல்லாரும் பேசி முடிச்சிட்டாங்க டோரீன். நீயும் ஆமான்னுட்ட. எனக்குக் காலும் போயி, என்னாலதான் போச்சுன்னும் ஆயிட்டா..." அவர் முடிக்கவில்லை.

டோரீன் கத்தவில்லை, அழவுமில்லை. அடுப்பை அணைத்தார். இறைச்சித் தட்டை எடுத்து ஸ்டான்லியின் முன்னால் வைத்தார், தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டும்வரை திரும்பவில்லை. நாங்கள் பயந்துபோய்த் தேடியபோது சேப்பல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சுவரில் ஒட்டுப்போட்ட கற்கள் மட்டும் இன்னும் வெளிறித் தெரியும்.

அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. படுக்கையை மட்டும் சின்ன அறைக்கு மாற்றிக்கொண்டார். ஸ்டான்லிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் வரும், பேச்சு வராது. பாரி ஒருநாள் பூங்கொத்தோடு வந்து வாசலில் நின்றான். "அத உன் பொண்டாட்டிக்குக் குடு" என்று சொல்லி டோரீன் கதவைச் சாத்தினார். போலீசுக்கும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது, "நான்தான்னு அங்க போயி என் வாயாலயே சொன்னேன். திரும்பவும் அதே ஆளுங்க முன்னாடி நிக்கச் சொல்றியா?" என்றார்.

உண்மை தெரிந்தால் ஊர் பேச்சை மாற்றிக்கொள்ளும் என்று நெவில் நினைத்திருந்தான். பப்பில் எல்லோரிடமும் சொன்னான். கேட்டுத் தலையாட்டினார்கள். அடுத்த மாதமே எவனோ மூன்று பெடல் கேலியைச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். பாரியின் பக்கம் நின்றவர்கள் நெவிலைப் பார்த்தால் தங்கள் கிளாசை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். ஸ்டான்லி தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டார். இரண்டு குளிர்காலம் கழித்து நிமோனியாவில் இறந்தார். டோரீன் கடலோர ஊரான மோர்கம்பில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

நெவில் காரைக் கட்டி முடித்தான். எஞ்சினைத் தூக்க வாடகைக் கப்பி. கேபிள் புதிது. சாலையில் ஓட்டத் தகுதியா என்று பார்க்கும் பரிசோதனையிலும் தேறியது. பச்சை நிறம் பூசி, முதல் ஓட்டத்துக்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டுச் சாலைக்கு ஓட்டிப் போனான். காற்று முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வந்தது. அவன் ஒரு தடவைகூடப் பெடலை முழுக்க மிதிக்கவில்லை.

"நல்லா ஓடுதுடா" என்றேன்.

"ஓடுது" என்றான். "பாரியும் கூட இருந்தா இன்னும் நல்லா பண்ணியிருப்பான்."