கடைசிச் சீர் கருத்தம்மாவுக்கு

சிலமலைக்குச் சாலை பிரியும் விலக்கில் ஜீப்புக்குக் காத்திருக்கும்போது சோலையம்மாள் தூக்குவாளி மூடியை விரலால் தட்டுவார். நான்கு, நான்கு, நான்கு, பிறகு மூன்று. அதோடு விரல் அந்தரத்தில் நின்றுவிடும். என் அம்மாவும் அதே ஜீப்பில்தான் ஏலக்காய் எடுக்கப் போகிறாள் என்பதால், இதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது ஒரு பாட்டின் அளவு என்பது எம்.ஏ. தமிழ் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

சோலையம்மாளே கட்டிய பாட்டு. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர். பதினாறு வயதிலிருந்து ஏலக்காட்டு வேலைக்குப் போடிமெட்டு மலை ஏறுகிறவர்.

ஏலக் காட்டுல எத்தன மழ
ஏறி வந்தவள நனைக்கிற மழ
காலச் சுத்துற அட்ட மழ
கங்காணி கண்ணுல என்ன

இதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். ஏல, கால என்று எதுகை. ஏலக், ஏறி என்று மோனை. அடி முடிவில் திரும்பத் திரும்ப 'மழ'. அடிக்கு நான்கு சீர். கடைசியில் மட்டும் மூன்று.

"பாடினவங்க மறந்திருப்பாங்க. 'மழ'ன்னு போட்டு முடிச்சிரும்மா," என்றார் பேராசிரியர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அவரைச் சந்தேகிக்கத் துணிவில்லாமல் போட்டுவிட்டேன். ஒப்படைக்க நான்கு நாள் இருந்தது. நின்றுபோகும் அந்த விரல் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் விலக்குக்குப் போய், ஜீப்பில் ஏறியிருந்த சோலையம்மாளிடம் படித்துக் காட்டினேன்.

"கங்காணி கண்ணுல எதுக்குடி மழ? அந்தாளு என்னைக்கி அழுதான்?"

ஜீப்பே சிரித்தது.

"அப்ப நீங்க மறக்கலயா அத்தே?"

"மறக்கறதுக்கு அது என் வார்த்தையா ஆத்தா? அடுத்த செடியில உக்காந்திருக்கவ சொல்லணும். கருத்தம்மா ஒருநா 'பீள'ம்பா, ஒருநா 'கொள்ளி'ம்பா. கங்காணி பக்கத்துல வந்துட்டா 'கருண'ம்பா."

அன்றே 'மழ'யை நீக்கினேன். இடத்தைக் காலியாக விட்டு, காரணத்தை அடிக்குறிப்பில் எழுதினேன். பேராசிரியர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கருத்தம்மா போன தை மாதம் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். கடைசி நாள் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, வழக்கத்தை மாற்றி அவரே ஓர் அடி போட்டாராம்: "போறவ கையில என்ன?"

"நாளைக்கிச் சொல்றேன், போடி," என்றாராம் சோலையம்மாள்.

ஒன்பது மாதமாகிறது. அந்த நாலாவது சீர் இன்னும் திருப்பூர் போய்ச் சேரவில்லை.